சென்னையில் கையால் வில் செய்ய எந்த மரம் நல்லது?

சென்னையில் எந்த மரத்தில் வில் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பின்பாதியைப் படித்தால் நீங்கள் அறிய விரும்புவது அது மட்டும் அல்ல என்று தெரிகிறது. மரக்கடையில் ஐந்தடித் தேக்குச் சட்டம் ஒன்றை வாங்கி, இரு முனைகளையும் மெலிதாக்கி, நைலான் கயிறு கட்டி இழுத்திருக்கிறீர்கள். பாதி இழுப்பிலேயே பிடிக்கு ஒரு சாண் மேலே சாய்வாகப் பிளந்து முறிந்துவிட்டது. குற்றம் மரத்திலா, கையிலா என்பதுதான் உங்கள் கேள்வி. முறிந்த துண்டை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் சாய்வாகப் பிளந்தது என்ற விவரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. நான் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவன், மரத் தொழில்நுட்பம் படித்தவன், பல ஆண்டுகளாக இதே ஊரில் மூங்கிலிலும் மரத்திலும் வில் செய்து வருகிறேன். நான் செய்பவை எல்லாம் இலக்கில் எய்வதற்கான, முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை 40 பவுண்டுக்கு உட்பட்ட விற்கள். அதைவிட வலிய வில் செய்ய விரும்புகிறவர்கள் கீழே வரும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த மரம் என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எந்தத் துண்டு என்று கேட்பதுதான் பயன் தரும். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் வெளிப்புறம் இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் உட்புறம் அமுங்குகிறது. மரத்தின் நார்கள் நீளவாக்கில் மிகுந்த உறுதி கொண்டவை. ஒரு நாரைப் பக்கத்து நாரோடு சேர்த்து வைத்திருக்கும் பிடிப்போ அந்த உறுதியில் மிகச் சிறிய பங்குதான். கோடாரியால் விறகு பிளக்க முடிவதே அதனால்தான். வில்லின் வெளிப்புறத்தில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடினால் இழுவையை நார் தாங்கும். நார் சாய்வாக ஓடி நடுவழியில் வெளிப்புறத்தைத் தொட்டு முடிந்துபோனால், அந்த இடத்தில் இழுவையைத் தாங்க வேண்டியது அந்த மெல்லிய பிடிப்புதான். அது தாங்காது. முதலில் சிலாம்பு ஒன்று எழும்பும், அடுத்த நொடி அந்தச் சாய்விலேயே பிளவு ஓடிவிடும். உங்கள் சட்டத்துக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அறுவை மில்லில் மரத்தை நேராக அறுக்கிறார்களே தவிர, நார் போகும் வழியில் அறுப்பதில்லை. ஆகவே விளிம்பு நேராக இருப்பதைப் பார்த்து நார் நேராக இருக்கிறது என்று நம்பக் கூடாது. தேக்கில் நார் ஓட்டத்தைப் பார்ப்பது எளிது: இழைத்த பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், கீறல் விட்டதுபோல் சிறு சிறு கருங்கோடுகள் வரிசையாகத் தெரியும். அவை மரத்தின் நீர்க்குழல்கள். ஒரு கோட்டில் பென்சில் முனையை வைத்து அதன் போக்கிலேயே நகர்த்துங்கள். அகலமான பரப்பிலும் பக்கவாட்டிலும், இரண்டிலும் இப்படிச் செய்ய வேண்டும். பலர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். 20 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலம் விலகல் இருந்தால் மரத்தின் வளைவுறுதியில் சுமார் 7 சதவீதம் குறைகிறது. 10 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 19 சதவீதம். 5 அங்குலத்துக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ பாதி போய்விடும். இவை மரப் பொறியியலில் நன்கு சோதிக்கப்பட்ட அளவுகள். மேசைக்கால் செய்பவருக்கு இந்த இழப்பு பொருட்டே அல்ல. வில் செய்பவர், மரம் முறியும் எல்லைக்கு அருகே தெரிந்தே கொண்டுபோய் நிறுத்துகிறார். அவருக்கு இதுதான் எல்லாமே.

இதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கும். ஒன்று, நீளம். சராசரி உயரமுள்ள ஒருவர் அம்பை 28 அங்குலம் வரை இழுப்பார். பிடி உட்பட முழுவதும் வளையும் வில் என்றால் அதன் நீளம் இழுப்பின் இரு மடங்கைவிடக் குறைந்தது பத்திலொரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். முதல் வில்லுக்கு இன்னும் தாராளமாக 66 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்தது 60 அங்குலம். அதில் நடுவில் ஒரு சாண் பிடியைத் தடியாகவே விட்டிருக்கிறீர்கள். வளைய வேண்டிய பகுதி மிகவும் குறைந்துவிட்டது. இரண்டாவது, தேக்கு வளைந்து பழகும் மரம் அல்ல. அது பூச்சி அரிக்காது, மழைக்கும் வெயிலுக்கும் உருமாறாது. கதவுக்கும் கப்பலுக்கும் அதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் திடீர்ச் சுமையில் சட்டென்று முறியும் இயல்பு அதற்கு உண்டு. நார் நேராக ஓடும் தேக்கில் அகலமான, நீளமான, மென்மையான வில் செய்ய முடியும். முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சென்னையில் இருக்கும் ஒருவருக்கு என் முதல் பரிந்துரை மூங்கில். மரம் கிடைக்காத குறைக்கு மூங்கில் என்று சிலர் நினைக்கிறார்கள்; அது தவறு. மூங்கிலில் நார்கள் வெளித்தோலை ஒட்டித்தான் அடர்ந்திருக்கின்றன. உள்ளே போகப் போகக் குறைகின்றன. வில்லுக்கு எந்த இடத்தில் இழுவையைத் தாங்கும் வலு வேண்டுமோ அங்கேதான் இயற்கை அதை வைத்திருக்கிறது. தவிர, மூங்கிலை அறுக்காமல் பிளந்தாலே நார் அறுபடாத பட்டை கிடைத்துவிடுகிறது. மேலே சொன்ன நார்ச் சோதனை முழுவதும் இதில் தேவையே இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீக மன்னர் செர்க்செஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்தபோது உடன் சென்ற இந்திய வீரர்கள் மூங்கில் போன்ற தண்டால் ஆன வில்லும் இரும்பு முனை அம்பும் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். அது பொ.ஆ.மு. 480. இன்றும் மத்திய இந்தியப் பழங்குடியினர் பலர் மூங்கிலில்தான் வில் செய்கிறார்கள். நாணுக்கும் மூங்கில் தோலையே மெல்லிய பட்டையாகச் சீவிக் கட்டுகிறார்கள்.

மரம்தான் வேண்டும் என்றால், நம் பக்கத்து மரங்களில் பெயர் பெற்றது சடச்சி. தடசு, உன்னு என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வளைந்து நிமிரும் குணத்துக்காகவே வண்டி ஏர்க்காலுக்கும் காவுதடிக்கும் துடுப்புக்கும் வில்லுக்கும் காலங்காலமாகப் பயன்பட்ட மரம் அது. ஆனால் நகர மரக்கடைகளில் எளிதில் அகப்படாது. அதற்காகக் காட்டில் போய் வெட்டவும் கூடாது. கருவேலம் உரமான மரம். வண்டிச்சக்கரத்துக்கும் கருவிப் பிடிக்கும் அதைத்தான் தேடுவார்கள். நேரான ஐந்தரை அடித் துண்டு கிடைப்பதுதான் பாடு. சீமைக் கருவேலம் உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். அது நல்ல குணம்; ஆனால் அதன் கிளைகள் கோணலும் முள்ளுமாக வளர்பவை. சவுக்கு தெருவுக்குத் தெரு சாரம் கட்டக் கிடைக்கிறது, விலையும் குறைவு, உரமும் உண்டு. உலரும்போது அது முறுக்கிக்கொண்டு நெடுக வெடிக்கும். பச்சையாக வாங்கி, நெடுக இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகங்களில் மெழுகோ பெயின்ட்டோ பூசி நிழலில் வைத்தால் சில துண்டுகள் தேறும். இறக்குமதி மரம் விற்கும் கடைகளில் ஆஷ், ரெட் ஓக் பலகைகள் இருக்கும். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். மரச்சாமான் செய்பவர்களுக்காக வரும் பலகைகள் அவை. நார் நேராக ஓடும் ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் அவற்றில் மிக நல்ல வில் வரும். வேம்பில் நார் பின்னிப் பின்னி ஓடும், வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது நகரமெங்கும் சாய்ந்து கிடந்த குல்மொஹர், தூங்குமூஞ்சிக் கிளைகளை வைத்து வில் செய்யலாமா என்று பலர் கேட்டார்கள். நிழலுக்கும் பூவுக்கும் வைத்த மரங்கள் அவை, வில்லுக்கு ஆகாது.

இனி மூங்கிலோடு மட்டும் மேலே போகிறேன். ஏணியும் தட்டியும் விற்கும் மூங்கில் கடைக்குப் போய், முள்மூங்கிலின் அடிப்பகுதி வேண்டும் என்று கேளுங்கள். குறுக்களவு நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டையின் வெளிப்புறம் மிகவும் உருண்டையாக நிற்கும். வெட்டுவாயைப் பார்த்தால் சுவரின் கனம் தெரியும்: ஒரு விரல் கனத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். சிலம்பக் கம்புக்குப் பயன்படும் கல்மூங்கில் உள்ளே கெட்டியாக இருக்கும், உறுதியானது. ஆனால் பருமன் போதாததால் அகலமான பட்டை வராது. மூன்று ஆண்டுக்கு மேல் முற்றிய மூங்கில்தான் வேண்டும். இளசு உலரும்போது சுருங்கி, சுவர் உள்வாங்கிவிடும். முற்றியதன் தோல் பளபளப்பு இழந்து, அங்கங்கே வெண்திட்டும் பாசியும் படிந்திருக்கும். விரலால் சுண்டினால் மொத்தென்று கேட்காமல் கணீரென்று கேட்கும். கணுவோரத்தில் ஊசி முனை அளவு துளையும், அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுத்துப்போன மூங்கில். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்த உளுப்பு மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டின் வேலை. பிளந்த பட்டைகளை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவும் சர்க்கரையும் கரைந்து வெளியேறும் என்பது உறுதியானது. தண்ணீர் நாறும், அதனால் அவ்வப்போது மாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்து வளர்ச்சி ஓய்ந்திருக்கும் மாதங்களில் வெட்டிய மூங்கில் நீடித்து உழைக்கும் என்பதற்கும் காரணம் உண்டு. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அண்டாது என்பதை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். பெரியவர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். கடையில் வாங்கும் கழியை எந்தப் பிறையில் வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நமக்கு ஊறப்போடுவதுதான் வழி.

அடுத்தது உலர்த்துவது. சென்னையில் வில் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். வில் மரத்தில் 8 முதல் 10 சதவீதம் ஈரம் இருப்பது நல்லது. கடற்கரை நகரத்தில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் மரம் ஏறத்தாழ 13 சதவீத ஈரத்தில் நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. ஈரமான மரம் உடையாது, ஆனால் கூனிவிடும். நாணை அவிழ்த்த பிறகும் வில் நிமிராமல் வளைந்தே நிற்கும், அம்பு சோம்பலாகப் போகும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் முற்பகல்களைப் பயன்படுத்துவது. பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் பட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிவிட வேண்டும். மற்றொன்று, எந்த மாதத்துக்கும் ஏற்றது: நீளமான அட்டைப் பெட்டி அல்லது பலகைப் பெட்டிக்குள் பழைய மாதிரிக் குண்டு பல்பு இரண்டைப் பொருத்தி, பட்டையை பல்பிலிருந்து விலக்கி வைத்து, மேலே இரண்டு துளைகள் விடுவது. பல்பு எரியும் நேரத்தில் கூடவே இருங்கள். அட்டை தீப்பற்றும் பொருள். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். எடை குறைவது நின்று சில நாள் ஒரே அளவில் இருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். நேரடி வெயிலில் மட்டும் போடாதீர்கள். வெளிப்பக்கம் முதலில் சுருங்கி நெடுக வெடிக்கும்.

உலர்ந்த பட்டையில் வேலை தொடங்குங்கள். தச்சர் அடிக்கும் சாயநூலை இரு முனைக்கும் இழுத்துப் பிடித்து நடுக்கோடு போடுங்கள். நடுவில் 4 சென்டிமீட்டர் அகலம், முனைகளில் ஒன்றரை. கனம் நடுவில் 15 மில்லிமீட்டர், முனைகளில் 10 என்று தொடங்குங்கள். இது தொடக்க அளவுதான். இறுதிக் கனத்தை வளைவு சொல்லும். கணுக்கள் இரு பாதியிலும் ஏறக்குறைய ஒரே தொலைவில் விழும்படி நடுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூங்கிலின் வேர்ப்பக்கம் கீழே வரட்டும். அந்தப் பக்கம் சற்று விறைப்பாக இருக்கும், அதுதான் நமக்கும் வேண்டும். கனத்தைக் குறைப்பதெல்லாம் உட்புறத்தில் மட்டுமே. வெளித்தோலை இழைப்புளியால் தொடவே தொடாதீர்கள். கணுவின் மேல் விளிம்பு கையைக் குத்தினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். கணுவைச் சமமாக்க வேண்டும் என்ற ஆசையில் அரத்தை எடுத்தால் நல்ல நார்கள் அறுந்துவிடும். பார்வைக்கு அழகாக இருக்கும், கணுவில் முறியும். ஓரங்களின் கூர்மையை மட்டும் நெடுக உருட்டிவிடுங்கள். சிலாம்பு எழும்புவது எப்போதும் கூர் விளிம்பிலிருந்துதான்.

இதுவரை சொன்னது தச்சு வேலை. வில் உருவாவது இனிமேல்தான். இரு பாதிகளும் ஒரே அளவில், ஒரே வடிவில், எந்த இடத்திலும் தனியாக மடங்காமல் வளையும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக் கொண்டுவருவதை வளைவு பார்ப்பது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும், கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். 12 மில்லிமீட்டர் பட்டையில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய அளவுதான், இழைப்புளியின் சில இழுப்புகள். ஆகவே இந்தக் கட்டத்தில் இழைப்புளியை உள்ளே வைத்துவிட்டு, சுரண்டும் தகடு அல்லது உடைந்த கண்ணாடித் துண்டை எடுங்கள், கனமான கையுறையோடு. மாவு போல் சுருள் வர வேண்டும். பட்டை பட்டையாகச் சீவல் வந்தால் அதிகமாக எடுக்கிறீர்கள்.

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். இரு பாதியும் சற்றே வளையும்படி ஆனதும், முனைகளில் நாண் மாட்டும் குதைகளை வட்ட அரத்தால் பக்கவாட்டில் மட்டும் எடுங்கள். வெளிப்புறத்துக்குக் குறுக்கே அரம் போகக் கூடாது. வில்லைவிடச் சற்று நீளமான, இழுத்தால் நீளாத கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள். சுவரில் வில்லின் நடுவைத் தாங்கும் ஒரு மரக்கட்டை, அதன் நேர் கீழே தரையோரம் ஒரு கப்பி, கப்பி வழியாக உங்கள் கைக்கு வரும் கயிறு, கயிற்றுக்கும் நாணுக்கும் இடையே மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்று. இவ்வளவுதான் கருவி. சுவரில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்தால் இரு பக்க வளைவையும் ஒப்பிடலாம். எட்டடி தள்ளி நின்று இழுங்கள். பார்க்க வேண்டியதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும், உடைந்தால் முகத்துக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

எங்கே வளையவில்லையோ அங்கே மட்டும் சுரண்டுங்கள். வளைந்துகொண்டிருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். கேட்கும்போது எளிதாக இருக்கும். வேலை செய்யும்போது கை தானாகவே மெலிந்த இடத்துக்குத்தான் போகும், ஏனென்றால் அங்கே சுரண்டி முடித்த பரப்பு வழவழப்பாக இருக்கும். விறைத்த பகுதியில் பென்சிலால் கோடிழுத்துவிட்டு, கோடு மறையும் வரை மட்டும் சுரண்டி நிறுத்துவது நல்ல கட்டுப்பாடு. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் வில்லை இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விடுங்கள். எடுத்த கனத்தை மரம் உடனே காட்டாது, இழுத்துப் பழகிய பிறகுதான் காட்டும். இதைத் தவிர்த்தவர்கள் சுரண்டிக்கொண்டே போய், கடைசியில் எதிர்பார்த்ததில் பாதி வலுவோடு நிற்பார்கள். தராசு எப்போதும் நீங்கள் விரும்பும் இறுதி இழுவிசையைத் தாண்டக் கூடாது. 30 பவுண்டு வில், அதாவது 13.6 கிலோ வேண்டுமென்றால், வளைவு எட்டு அங்குலமே வந்திருந்தாலும் தராசு 30 காட்டியவுடன் நிறுத்திவிட்டுச் சுரண்டப் போக வேண்டும். வளைவு சீராக வந்ததும் நாணைக் குறுக்கி ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் அங்குலமாக 28 வரை போகலாம். மேற்பாதியின் நடுவிலிருந்து நாணுக்கு உள்ள இடைவெளி கீழ்ப்பாதியில் இருப்பதைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது நல்லது. நம் கை அம்புக்குக் கீழே பிடிப்பதால் கீழ்ப்பாதி சற்று விறைப்பாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றாக நிமிரும்.

ஒரே இடத்தில் கூர்மையாக மடங்கத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டு அதன் இரு புறமும் சுரண்டி வளைவைப் பரப்ப வேண்டும். உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அங்கே நார்கள் நசுங்கிவிட்டன; அந்த வில்லை இனிக் குறைந்த இழுப்பில் மட்டுமே பயன்படுத்தலாம். இழுக்கும்போது டிக் என்று சிறு ஒலி கேட்டாலும் நிறுத்திவிட்டு, பஞ்சை வெளிப்புறத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். சிலாம்பு எழும்பிய இடத்தில் பஞ்சு சிக்கும். மூங்கிலில் வெளிப்புறம் பிய்வது அரிது, உட்புறம் நசுங்குவதே வழக்கம். அதனால் வளைவு பாதி வந்த நிலையில், நாணை அவிழ்த்து, உட்புறத்தை மட்டும் கரி அடுப்புத் தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மெல்ல நகர்த்தி, பொன்னிறம் தாண்டிப் பழுப்பு வரும் வரை சூடாக்குங்கள். சூடு உட்புறத்தின் விறைப்பைக் கூட்டும், கூனலையும் குறைக்கும். வெளிப்புறம் சூடேறக் கூடாது; ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம். சூடாக்கிய வில் வறண்டிருக்கும், இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டபின் மீண்டும் வளையுங்கள்.

நாணுக்கு நைலான் வேண்டாம், அது நீளும். அம்புக்குப் போக வேண்டிய விசையைக் கயிறே விழுங்கிவிடும். வில்வித்தைப் பொருட்கள் விற்கும் கடைகளில் டேக்ரான் நூல் கிடைக்கும், மரவில்லுக்கு அதுதான் பாதுகாப்பானது. முழுதும் பழைய முறையில் செய்ய ஆசையென்றால் மரல் நார் இருக்கிறது. வறண்ட புதர்க்காடுகளில் வளரும் கற்றாழை போன்ற செடி, வில்நாணுக்காகவே நெடுங்காலம் பயன்பட்டது. இலையைக் கட்டையில் வைத்துச் சதையை வழித்தால் வெள்ளை நார் வரும். முறுக்கிய நாணின் தடிமனை டேக்ரானைவிடக் கூட்டியே வையுங்கள், எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் பிரி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாணேற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி, கைமுட்டியை வைத்துக் கட்டைவிரலை நீட்டினால் தொடும் தொலைவு, ஏறக்குறைய ஆறு அங்குலம்.

பண்டைத் தமிழர் வில் எப்படி இருந்தது என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். சேரர் கொடியில் வில் இருந்தது, கொல்லிமலை ஓரி வல்வில் ஓரி என்று பெயர் பெற்றான், செங்கம் பகுதி நடுகற்களில் வீரர்கள் வில்லோடு நிற்கிறார்கள், இவ்வளவும் உறுதி. நடுகல்லில் வில்லின் வடிவம் தெரியும், மரம் தெரியாது. நம் மண்ணில் கரையானும் ஈரமும் மரத்தை விட்டுவைப்பதில்லை. ஆல்ப்ஸ் பனிக்குள் 5,000 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து 1991இல் கிடைத்த மனிதனின் அருகே, பாதி செதுக்கிய யூ மர வில் ஒன்று 1.82 மீட்டர் நீளத்தில் அப்படியே இருந்தது. அதன் மேல் செதுக்கிய தடங்களைக்கூட இன்று பார்க்க முடிகிறது. அப்படி ஒரு சான்று நம்மிடம் இல்லாத நிலையில், இதுதான் சங்ககால வில்லின் அளவு, இதுதான் அதன் மரம் என்று யாராவது துல்லியமாக விற்றால் நம்பாதீர்கள். அலெக்சாண்டரோடு வந்த நியர்க்கஸின் குறிப்புகளை வைத்து அர்ரியன் எழுதியதில், இந்தியக் காலாட்படையினரின் வில் ஆளுயரம் இருந்தது, அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி எய்தார்கள் என்று வருகிறது. அது வடமேற்கைப் பற்றிய செய்தி. தெற்குக்கு அப்படியே பொருத்துவது ஊகம்தான்.

அம்பின் எடை குறையக் கூடாது. ஒரு பவுண்டு இழுவிசைக்கு 0.65 கிராம் என்ற கணக்கில், 30 பவுண்டு வில்லுக்கு 19 அல்லது 20 கிராம் அம்பு. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி வந்து அதை உடைக்கும். வில்லைப் பார்க்கும் விருந்தினர் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், ஆகவே நாணேற்றிய வில்லை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மொட்டை மாடியிலும் கடற்கரையிலும் எய்யாதீர்கள். 30 பவுண்டு வில்லின் அம்பு நூறு மீட்டரைத் தாண்டிப் போகும், நகரத்தில் அவ்வளவு தொலைவுக்கு ஆளில்லாத இடம் கிடையாது. வில்வித்தைப் பயிற்சிக் களம் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். காட்டுப் பக்கம் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வில்லையும் அம்பையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி எடுத்துச் செல்வது குற்றம்.

முடித்த வில்லுக்கு ஆளி எண்ணெய் நான்கைந்து பூச்சு கொடுத்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். எண்ணெய் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். நல்ல வார்னிஷ் அதைவிட மேல். எய்து முடித்தவுடன் நாணை இறக்கிவிடுங்கள். மூலையில் சாய்த்து வைக்காமல், இரண்டு ஆணிகளின் மேல் படுக்கைவாக்கில் வையுங்கள், சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அதே வில் சில பவுண்டு தளர்ந்துபோனதாகத் தோன்றும்; அது பழுது அல்ல, ஈரம். அந்த மாதங்களில் முழு இழுப்பு வேண்டாம், பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் சில நாள் வைத்து எடை பழைய அளவுக்கு இறங்கியதும் மீண்டும் எய்யலாம்.